பாண்டிச்சேரி விலாசத்தில் இன்னொரு லைசென்ஸ்

வாசகர் கேள்விகள்: வண்டியும் காப்பீடும்

பதில் சொல்பவர், பொதுத்துறை காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கடலூரில் பணி, இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறார்.

என் மகன் புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கடலூரிலிருந்து தினமும் என் காரில்தான் போய் வருவான். செம்மண்டலம் அருகே செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று போலீஸ் பிடித்து, லைசென்ஸை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் சஸ்பெண்ட். கல்லூரிக்கு மட்டுமாவது ஓட்டிக்கொள்ள அனுமதி வாங்க முடியுமா? காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, அது போதாதா? முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மைத்துனர் விலாசத்தைக் காட்டி பாண்டிச்சேரியில் இன்னொரு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். எடுக்கலாமா அம்மா?
— ஒரு தந்தை, திருப்பாதிரிப்புலியூர்

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள் ஐயா. அந்தப் புரோக்கரின் நம்பரையும் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு லைசென்ஸ்தான் வைத்திருக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. தடைக்காலத்தில் வண்டி ஓட்டுவது மட்டும் குற்றமில்லை, புது லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதும் குற்றம்தான். 182-வது பிரிவில் இரண்டுக்கும் ஒரே தண்டனை: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு அலுவலகம் என்பது சரிதான். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். லைசென்ஸ் விவரங்களும் இப்போது 'சாரதி' என்ற ஒரே கணினி முறைக்குள் வந்துவிட்டன. பழைய நாளில் நடந்த தந்திரத்தை நம்பிப் பையனின் பெயரில் ஒரு கிரிமினல் கேஸை வாங்கி வைக்காதீர்கள்.

கல்லூரிக்கு மட்டும் அனுமதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒன்று இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். நம் சட்டத்தில் இல்லை. 19-வது பிரிவில் தகுதிநீக்கம் செய்துவிட்டால் அந்த மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் செல்லாது. காலையில் கல்லூரிக்கும் செல்லாது, இரவு மருந்துக்கடைக்கும் செல்லாது. உங்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி மேல்முறையீடு. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் செய்ய வேண்டும். உத்தரவு போடுவதற்கு முன் பையனின் விளக்கத்தைக் கேட்டார்களா, காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா என்று பாருங்கள். இரண்டும் கட்டாயம். பையன் உண்மையிலேயே பேசிக்கொண்டு ஓட்டியிருந்தால் மேல்முறையீட்டில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். செல்போன், சிவப்பு விளக்கு, அதிவேகம், குடி ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் யாரைப் பிடித்தாலும் அது ஒரு மாதமாகக் குறையாது.

இனி ஃபுல் இன்சூரன்ஸ். இந்த வார்த்தையால் ஏமாந்தவர்களை என் மேசைக்கு எதிரே நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் பாலிசியை எடுத்து 'டிரைவர்ஸ் க்ளாஸ்' என்ற பத்தியைத் தேடுங்கள். எந்த நிறுவனத்தின் பாலிசியாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான்: விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் நடப்பில் இருக்கிற லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்துக்கொள்ளத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது. உங்கள் பையன் இன்று அந்த இரண்டாவது வரிக்குள் நிற்கிறான். அவன் ஓட்டும்போது கார் புளியமரத்தில் மோதினால் காருக்கு ஒரு ரூபாய் வராது. பம்பர் டு பம்பர், ஜீரோ டெப்ரிசியேஷன் என்று எதைச் சேர்த்து வாங்கியிருந்தாலும் வராது.

கார் போனால் போகட்டும். சாலையில் ஒரு மனிதர் அடிபட்டால் என்ன ஆகும் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. ரெட்டிச்சாவடி பக்கம், விடியற்காலையில், மீன்கூடையோடு சாலையைக் கடந்த ஓர் அம்மா மீது ஒரு கார் மோதியது. ஓட்டியவன் கல்லூரி மாணவன், லைசென்ஸ் அப்போது தடையில் இருந்தது. கார் அப்பாவுடையது, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டிருந்தவர். அந்த அம்மா இறந்துபோனார். கடலூர் தீர்ப்பாயம் ஆறு லட்சத்துச் சொச்சம் இழப்பீடு கொடுத்தது. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, கம்பெனி முதலில் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கட்ட வேண்டும், பிறகு அதைக் கார் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கட்டினோம். அந்தப் பணம் பிள்ளைகள் கைக்குப் போனதில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி. அடுத்த வேலையும் என்னுடையதுதான். வசூல் மனுவுக்கான ஃபைலைத் தயார் செய்து கையெழுத்து போட்டேன். அவர் என்னைப் பார்க்க மூன்று முறை வந்தார். "ஃபுல் இன்சூரன்ஸுன்னு சொல்லித்தானே பணம் வாங்குனீங்க" என்று ஒவ்வொரு முறையும் அதையே கேட்டார். கடைசியில் கரும்பு நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கட்டினார்.

மகனின் லைசென்ஸ் தடையில் இருந்தது தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால் வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கலாம். உரிமையாளர் தெரிந்தே வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் முக்கியமான பகுதி. ஆனால் அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிந்து சாவியைக் கொடுத்ததற்கு உங்கள் மேலேயே தனியாக வழக்கு வரும்: 180-வது பிரிவு, 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் விபத்து நடந்த ராத்திரியில் நல்லவர்களுக்கும் இந்த யோசனை வரும். "அப்பா ஓட்டினார்னு சொல்லிடலாம்." வேண்டாம் ஐயா. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர், சீட் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பார், ஆஸ்பத்திரி சீட்டில் யாருக்கு நெஞ்சில் ஸ்டியரிங் அடி என்று பார்ப்பார். பெட்ரோல் பங்க்கில், சுங்கச்சாவடியில், கடை வாசலில் எல்லாம் கேமரா இருக்கிறது. பொய் வெளிப்பட்டால் க்ளெய்ம் போவதோடு நிற்காது, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மோசடி வழக்கில் நிற்பீர்கள்.

இந்த மூன்று மாதமும் நீங்களோ, லைசென்ஸ் இருக்கிற வேறு யாருமோ காரை ஓட்டலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. நம் நாட்டில் பாலிசி வண்டியோடு போகிறது. வண்டி நிற்கிறதே என்று பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்த கார்களில் பாதி, வீட்டு வாசலில் சும்மா நின்றவைதான். மேலே மரம் விழுந்திருந்தது. பையன் சஸ்பெண்டில் இருந்தாலும் அந்த மாதிரிச் சேதத்துக்குப் பணம் வரும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

பையனுக்குத் தண்டனையால் அடுத்த வருடம் பிரீமியம் ஏறுமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏறாது. இங்கே தேர்டு பார்ட்டி பிரீமியம், அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பிரீமியம், எஞ்சின் அளவைப் பொறுத்தது. உங்கள் கார் 1000-லிருந்து 1500 சிசிக்குள் இருந்தால், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். யார் ஓட்டுகிறார் என்று பார்ப்பதில்லை.

தடைக்காலம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வீடு தேடி வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். அது கைக்கு வரும் வரை சாவியை நீங்களே வைத்திருங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு யாரும் வெகுநேரம் காத்திருந்ததில்லை. பையன் மூன்று மாதம் பஸ்ஸில் போகட்டும். பஸ்ஸில் போனில் பேசுவதற்கும் தடையில்லை.

மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். நண்பன் பிறந்தநாள் விருந்து முடிந்து திரும்பும்போது குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்துவிட்டார்கள். அழுகை இன்னும் நிற்கவில்லை எனக்கு. லைசென்ஸை நிறுத்திவிட்டு, கோர்ட் மூலம் காலேஜுக்கும் வேலைக்கும் மட்டும் ஓட்ட ஒரு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்களாம். எஸ்.ஆர்-22 என்று ஏதோ இன்சூரன்ஸ் வேண்டும் என்கிறான், பிரீமியம் பயங்கரமாக ஏறிவிட்டதாம். அவனுடைய இந்திய லைசென்ஸ் வீட்டில்தான் இருக்கிறது, காலாவதி ஆகவில்லை. அதை வைத்து இங்கே சர்வதேச அனுமதி வாங்கி அனுப்பினால் இந்தத் தொல்லை தீருமா?
— ஒரு தாய், அரியாங்குப்பம்

அழாதீர்கள் அம்மா. யார் மேலும் மோதவில்லை, பையன் உயிரோடு முழுசாக இருக்கிறான். மற்றதெல்லாம் காகிதத்தில் தீர்க்கக்கூடியது. என் அக்கா மகள் ஹூஸ்டனில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருக்கிறாள். அவளிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்திய லைசென்ஸை அனுப்பாதீர்கள். திருப்பாதிரிப்புலியூர்க்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். டெக்சாஸ் அரசு நிறுத்தியது அந்த அட்டையை மட்டுமில்லை, அந்த மாநிலத்தில் வண்டி ஓட்டும் உரிமையையே. இந்திய லைசென்ஸைக் காட்டினாலும், ஜெனிவா ஒப்பந்தப்படி கொடுக்கும் சர்வதேச அனுமதியைக் காட்டினாலும் அவன் தடையில் இருப்பவன்தான். அடுத்த முறை போலீஸ் நிறுத்தினால் தடையை மீறி ஓட்டிய குற்றமும் சேரும்.

அவனிடம் இருப்பதற்கு அங்கே 'ஆக்குபேஷனல்' லைசென்ஸ் என்று பெயர். வேலை, படிப்பு, வீட்டுக்கு அத்தியாவசியமான வேலைகள், இவற்றுக்கு மட்டும். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பகுதி என்று கோர்ட் உத்தரவிலேயே எழுதியிருக்கும். பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். தேவையைக் காட்டினால் பன்னிரண்டு வரை நீட்டுவார்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் எப்போதும் காரில் இருக்க வேண்டும். ஊதிக் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும் கருவியைக் காரில் பொருத்தச் சொல்லியிருந்தால், அந்தக் காரைத் தவிர வேறு காரைத் தொடக் கூடாது. உத்தரவில் இல்லாத நேரத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அந்த லைசென்ஸ் போகும், 180 நாள் வரை சிறையும் கிடைக்கலாம். சனிக்கிழமை இந்தியன் ஸ்டோருக்குப் போவது அந்த உத்தரவில் இருக்கிறதா என்று அவனையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரூம்மேட்டோடு போகட்டும்.

எஸ்.ஆர்-22 என்பது தனி இன்சூரன்ஸ் இல்லை. "இவருக்கு எங்களிடம் நடப்பில் பாலிசி இருக்கிறது, அது நின்றால் உங்களுக்குச் சொல்வோம்" என்று கம்பெனி அரசுக்குக் கொடுக்கும் உத்தரவாதச் சான்று. டெக்சாஸில் குறைந்தபட்சக் கவர், ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. தண்டனை உறுதியான நாளிலிருந்து இரண்டு வருடம் அந்தச் சான்று இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். ஒரே ஒரு மாதத் தவணை தவறி பாலிசி ரத்தானால், கம்பெனி அரசுக்குச் சொல்லிவிடும். லைசென்ஸ் மறுபடி நிறுத்தம். கூரியருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தைத் தவணைக்குக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. தேதி மறந்துபோகும் பயம் இருக்காது.

பிரீமியம் ஏறியதற்குக் காரணம் அந்தச் சான்று இல்லை, அதற்கான கட்டணம் சிறிய தொகைதான். அங்கே பிரீமியத்தைக் காரை வைத்து மட்டும் போடுவதில்லை, ஓட்டுபவரை வைத்தும் போடுகிறார்கள். 25 வயதுக்குக் கீழே, புது டிரைவர், மேலே குடி வழக்கு. மூன்றும் சேர்ந்தால் ஏறத்தான் செய்யும். குறைக்க வழியும் உண்டு. முதலில், அவனுக்குச் சொந்தக் கார் தேவையா என்று கேளுங்கள். காரை விற்றுவிட்டால், கார் இல்லாதவர்களுக்கான 'நான்-ஓனர்' பாலிசியில் அதே எஸ்.ஆர்-22 சான்றை வாங்கலாம், அது மலிவு. காலேஜ் பஸ் இருக்கிற ஊரென்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். கார் கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று நான்கு கம்பெனிகளில் விலை கேட்கட்டும். இந்த மாதிரி டிரைவர்களை எடுப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் உண்டு. மார்க் நன்றாக இருந்தால் மாணவர் தள்ளுபடியும் கேட்கலாம். கேட்கும்போது வழக்கை மறைக்கக் கூடாது. கம்பெனி அவனுடைய டிரைவிங் ரெக்கார்டை எடுத்துப் பார்த்துவிடும்.

மற்ற மாநிலத்துக்கு மாறினால் விதிகள் மாறும். கலிஃபோர்னியாவில் எஸ்.ஆர்-22 பெரும்பாலும் மூன்று வருடம். ஃபுளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் குடி வழக்குக்கு எஃப்.ஆர்-44 என்று இதைவிட அதிகக் கவர் கேட்கிறார்கள். இடம் மாறினாலும் டெக்சாஸ் கணக்கை முடிக்காமல் விடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய கவலை. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், பாஸ்போர்ட்டில் குத்திய மாணவர் விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள். விசா ரத்தாகி ஊருக்கு வந்துவிட்டால், புதிதாக விசா வாங்காமல் திரும்பிப் போக முடியாது. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் பேசாமல் பொங்கலுக்கு டிக்கெட் போட வேண்டாம். பிள்ளையைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும் அம்மா. இந்த வருடம் வீடியோவில் பாருங்கள்.

எல்.எல்.ஆர். எடுத்துப் பழகிக்கொண்டிருக்கும் மகள், தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் வழியில் காரை ஒரு கல்தூணில் இடித்துவிட்டாள். எல் போர்டு ஒட்டியிருந்தோம். முன்சீட்டில் என் மாமியார், பின்சீட்டில் நான். எனக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறது. பம்பருக்கு 9,000 ரூபாய் கேட்கிறார்கள். க்ளெய்ம் கிடைக்குமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டினாலும் பாலிசி செல்லும், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதியைக் கடைப்பிடித்திருந்தால். எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். லைசென்ஸ் இருப்பவர், வண்டியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ எட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சீட்டிலிருந்து உங்களுக்கு ஹேண்ட்பிரேக் எட்டியிருக்காது. க்ளெய்ம் ஃபாரத்தில் உண்மையை எழுதினால் மறுக்க வாய்ப்பு அதிகம். "நான் முன்சீட்டில் இருந்தேன்" என்று எழுதச் சொல்ல மாட்டேன்.

நல்லவேளை, கணக்குப் பார்த்தால் இந்த க்ளெய்மே உங்களுக்கு வேண்டாம். நான்கு வருடம் க்ளெய்ம் இல்லாமல் 45 சதவீதம் போனஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய். க்ளெய்ம் வாங்காவிட்டால் அடுத்த வருடம் முதல் 50 சதவீதம். வாங்கினால் பூஜ்யத்துக்கு இறங்கி, 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி வர வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் நீங்கள் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் ஏறக்குறைய 10,000 ரூபாய் வரும். வருடா வருடம் காரின் மதிப்பு குறைவதால் அதில் கொஞ்சம் குறையலாம். கம்பெனி தரப்போவதோ, 9,000-ல் கட்டாயக் கழிவு 1,000 போக, அதிகபட்சம் 8,000. பம்பரைக் கைக்காசில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மகள் பழகட்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆனதும் டெஸ்ட்டுக்குப் போகலாம், ஆறு மாதம் வரை நேரம் இருக்கிறது. அதுவரை மாமியாருக்குப் பின்சீட்.